உவர்மண்ணும் வெள்ளாவியும்

ஆடை வெளுத்தற்றொழிலின் வரலாற்றை நம் முன்னோர் தனிநூலாக எழுதிவைத்திலர். ஆயினும் தேடுவார்க்குச் சான்றுகள் கிடையாமற் போகா. ஔவையார் பாடிய புறநானூற்று 311-ஆம் செய்யுளில், களர்நிலத்தே தோண்டிய கூவலில் நாடோறும் ஆடை வெளுக்கும் புலைத்தி ஒருத்தியைக் காண்கின்றோம். குறுந்தொகை 330-ஆம் பாட்டு, ஆடைக்குக் கஞ்சிப்பசை ஊட்டும் வழக்கத்தைத் தெரிவிக்கின்றது.

நன்னீர்க் கேணியிருக்கக் களர்நிலத்துக் கூவலை அவள் நாடியது எற்றுக்கு என்று யாம் வகுப்பில் வினவுவதுண்டு. "நன்னீர்க் கேணியில் அவளை இறங்கவிட்டிருக்க மாட்டார்கள்" என்று ஒருமுறை ஒரு மாணவன் விடையிறுத்தான். பாட்டில் அக்கருத்து இல்லை. எனினும் அவ்விடையை யாம் இன்றும் மறந்திலேம். யாம் கருதிய விடை வேறு. களர்மண்ணிற் சோடியம் கார்பனேட்டு என்னும் உப்பு கலந்துள்ளது. அஃது அழுக்கின் எண்ணெய்ப்பசையைக் கரைத்து நீக்கும். நாம் உவர்மண் என்பதும் இதுவே.

அம்மண்ணைக் கரைத்துத் தெளிந்த நீரிற் பருத்தியாடைகளைத் தோய்த்துப் பானைமேல் அடுக்கி, இராமுழுதும் நீராவியில் வேகவைப்பர், இதுவே வெள்ளாவி. விடிந்தபின் துறைக்கல்லில் அடித்து அலசி, வெயிலில் உலர்த்துவர். ஓரில்லத்து ஆடை மற்றோரில்லம் புகாவண்ணம் சேங்கொட்டைச் சாற்றாற் குறியிடுவர். பட்டிற்கு உவர் ஆகாது, இழை கெடும். அதற்குப் பூந்திக்கொட்டை நுரையே ஏற்றது.

இத்துணை நுண்ணறிவு உடையாரை நாம் நடத்தியவாறு யாது? புறக்கடையில் நிறுத்தினோம், களத்து நெல்லில் ஒரு பங்கும் இராச்சோறும் கூலி என்றோம். நம்மைத் தூய்மை செய்தவரையே தூய்மையற்றவர் என்று ஒதுக்கினோம். நம் குடும்பத்துப் பெரியோர் சிலர்க்கு இவ்வெழுத்து உவப்பாகாது. ஆயினும் உண்மை இதுவே.

இந்தியாவிற் சலவைத்தூள் 1959-இல் 'சர்ஃப்' என்னும் பெயரால் விற்பனைக்கு வந்தது. வெள்ளாவியின் உழைப்பு மெல்லக் குறைந்தது, அது நன்றே. ஆனால் தூளிற் சேர்க்கப்படும் பாஸ்பேட்டு நீர்நிலையிற் கலந்தாற் பாசிக்கு உரமாகும். பாசி மடிந்து அழுகுங்கால் நீரிலுள்ள உயிர்வளி அருகி மீன்கள் மாளும். வட அமெரிக்கப் பேரேரிகள் இங்ஙனம் கெடவே, அமெரிக்காவும் கனடாவும் 1972-இல் உடன்படிக்கை செய்து பாஸ்பரசைக் குறைக்க முற்பட்டன.

பழையன யாவும் தீங்கற்றவை என்பாரோடும் யாம் உடன்படோம். பூந்திக்கொட்டைச் சாறும் மீனுக்கு நஞ்சே; அதனைக் குளத்திற் கொட்டலாகாது. வெள்ளாவியும் விறகைத் தின்றது.

எம் மனையில் ஆடைகளை முன்னிரவே தண்ணீரில் ஊறவைத்துச் சிறிதளவு தூளே இடுகின்றோம். கழுவுநீர் கொல்லை வாழைக்குப் பாய்கின்றது. முன்பு தூளை மிகுதியாக இட்டகாலத்து வாழையிலையின் ஓரம் கருகிற்று. அதுகண்டே அளவைப் பாதியாக்கினோம். வேட்டியின் வெண்மை குறைந்ததாக இதுவரை எவரும் சொல்லவில்லை.