சான் மார்சானோ தக்காளி

சான் மார்சானோ தக்காளி என்பது இத்தாலி நாட்டின் கம்பானியா மாநிலத்தைச் சேர்ந்த ஒரு தக்காளி வகையாகும். இது விழுது, சாறு ஆகியவை செய்வதற்காக வளர்க்கப்படும் சதைப்பற்றுள்ள வகைகளுள் புகழ்பெற்றது. வெசூவியசு எரிமலைக்கு அருகிலுள்ள சான் மார்சானோ சுல் சார்னோ என்னும் ஊரின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. வீட்டுத் தோட்டத்தில் விதையிலிருந்து எளிதாக வளர்க்கலாம்.

பண்புகள்

பழம் நீண்டு, நுனி கூர்ந்து, பொதுவாக 6 முதல் 8 செ.மீ. நீளமுடையதாக இருக்கும். உள்ளே பெரும்பாலும் இரண்டு அறைகளே இருப்பதால் விதையும் நீரும் குறைவு, சதை அதிகம். இதனால் விழுதாகக் காய்ச்சுவதற்கு நேரமும் எரிபொருளும் குறைவாகவே தேவைப்படுகின்றன. செடி படர்ந்து வளரும் வகையைச் சேர்ந்தது. பருவம் முடியும் வரை தொடர்ந்து காய்க்கும்.

வரலாறு

20ஆம் நூற்றாண்டில் நேப்பிள்சுப் பகுதியின் தகரக்குவளைத் தொழிலுடன் இவ்வகையும் வளர்ந்தது. நச்சுயிரி நோய்களாலும், பல முறை கையால் பறிக்க வேண்டியிருந்ததாலும், 1970கள், 1980களில் இதன் சாகுபடி பெரிதும் சுருங்கியது. உழவர்கள் கலப்பின வகைகளுக்கு மாறினர். 1996இல் ஐரோப்பிய ஒன்றியம் சார்னோ, நொசெரா சமவெளியில் விளையும் தக்காளிக்குப் பாதுகாக்கப்பட்ட மூலப்பெயர் என்னும் தகுதியை வழங்கியது. இத்தகுதி குறிப்பிட்ட நிலப்பகுதியில், வகுக்கப்பட்ட விதிகளின்படி விளைந்து பதப்படுத்தப்பட்ட பழத்திற்கு மட்டுமே உரியது. விதையை எங்கும் விதைக்கலாம். அவ்விளைச்சலுக்கு அம்முத்திரை பொருந்தாது. ஐக்கிய அமெரிக்காவில் 1950களில் உருவாக்கப்பட்ட ரோமா வகையின் மூதாதைகளுள் இதுவும் ஒன்று.

நாற்று வளர்த்தல்

குளிர் நாடுகளில் கடைசி உறைபனிக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன் வீட்டினுள் விதைப்பர். விதையை அரை செ.மீ. ஆழத்தில் இட்டு, மண்ணை 21 முதல் 27 பாகை செல்சியசு வெப்பத்தில் ஈரமாக வைத்தால், ஒரு வாரம் முதல் பத்து நாட்களில் முளைக்கும். முளைத்தவுடன் நல்ல வெளிச்சம் தேவை. இல்லையெனில் நாற்று வெளிறி நெடிதாக வளரும். வித்திலைகளுக்குப் பின் உண்மையிலைகள் தோன்றியதும் தனித்தனித் தொட்டிகளுக்கு மாற்றுவர். நடுவதற்கு முன் ஒரு வாரம் வெளிக்காற்றுக்கும் வெயிலுக்கும் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும்.

நடவும் பராமரிப்பும்

தண்டின் கீழ்ப்பகுதி மண்ணில் புதையுமாறு ஆழமாக நடுவதால் தண்டிலிருந்து புதிய வேர்கள் விடும். செடிகளுக்கிடையே 45 முதல் 60 செ.மீ. இடைவெளி விட்டு, இரண்டு மீட்டர் உயரமுள்ள ஊன்றுகோல்களில் கட்ட வேண்டும். இலைக்கக்கத்தில் தோன்றும் பக்கத்தளிர்களைக் கிள்ளி, ஓரிரு தண்டுகளை மட்டும் வளரவிடுவது வழக்கம். நட்ட ஏறத்தாழ 80 நாட்களில் பழம் பறிக்கலாம்.

பழ நுனி அழுகல்

நீண்ட பழவகைகளில் இக்குறை மிகுதியாகக் காணப்படுகிறது. பழத்தின் நுனி கறுத்துக் குழிவிழும். கால்சியம் பழத்தைப் போதிய அளவு சென்றடையாமையே இதற்குக் காரணம். பெரும்பாலும் மண்ணில் கால்சியம் குறைவாக இருப்பதில்லை. நீர் பாய்ச்சுவது சீராக இருப்பதில்லை. எனவே சுண்ணாம்பு இடுவதைவிட, ஒழுங்காக நீர் பாய்ச்சி, வைக்கோல் மூடாக்கு இடுவதே பயன்தரும். தழைச்சத்து மிகுதியான உரம் குறையைக் கூட்டும்.

விதை சேகரிப்பு

கலப்பினப் பழத்தின் விதை தாய்ச்செடியைப் போலவே விளைவதில்லை. ஆனால் இவ்வகை பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையால் காய்ப்பதால் குணம் மாறாமல் தொடர்கிறது. நோயற்ற செடிகளின் நன்கு கனிந்த பழங்களிலிருந்து விதையைச் சாற்றுடன் எடுத்து, இரண்டு மூன்று நாட்கள் புளிக்கவிட்டால் அதைச் சூழ்ந்த வழுவழுப்பான உறை கரையும். பின் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் நான்கு ஆண்டுகள் வரை முளைப்புத்திறன் நிலைக்கும். சந்தையில் அருகும் வகைகள் மறையாமல் நிலைப்பதற்கு இவ்வாறான வீட்டுச் சேகரிப்பும் துணைபுரிகிறது.

பதப்படுத்தல்

தக்காளியின் புளிப்பு பழத்திற்குப் பழம் மாறுபடுவதால், புட்டியில் அடைக்கும்போது ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ இரண்டு மேசைக்கரண்டி புட்டி எலுமிச்சைச் சாறு சேர்ப்பர். புளிப்பு குறைந்தால் உயிருக்கு ஊறு விளைவிக்கும் போட்டுலினம் நச்சு உண்டாகக்கூடும்.