எதிர்த்தாட ஒரு பள்ளி வேண்டும்: பிராட்பி கேடயத்தின் கதை

கொங்கு நாட்டில் தனியார் பள்ளிகளுக்கு இடையே போட்டி என்றால் அது பெரும்பாலும் மதிப்பெண் போட்டிதான். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, ஈரோடு என்று வரிசையாக விடுதியோடு கூடிய பள்ளிகள். பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம், ஊர் எல்லையில் பிளக்ஸ் பேனர், அதில் பாஸ்போர்ட் அளவுப் படங்களும் பக்கத்திலேயே மதிப்பெண்களும். மாநில ரேங்க் பட்டியல் வெளியிடுவதைத் தமிழக அரசு 2017ல் நிறுத்தியது. போட்டி மனப்பான்மை நின்றபாடில்லை. விளையாட்டுப் பீரியடைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்குவதும் அப்படியேதான் இருக்கிறது (திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை!).

கடலுக்கு அந்தப் பக்கம் இரண்டு பள்ளிகள் வேறு விதமாகப் போட்டி போடுகின்றன. ஒன்று கொழும்பு ராயல் கல்லூரி. இன்னொன்று கண்டி டிரினிட்டி கல்லூரி. இலங்கையில் 'கல்லூரி' என்று பெயர் இருந்தாலும் இவை பள்ளிக்கூடங்கள்தான். இரண்டிலும் தமிழ் வழி வகுப்புகள் உண்டு. 1945 முதல் இவ்விரு பள்ளிகளும் ரக்பி ஆட்டத்தில் மோதி வெல்லும் பரிசின் பெயர் பிராட்பி கேடயம். பள்ளிப் பையன்கள் ஆடும் ஆட்டம்தானே என்று நினைத்தால் தவறு. தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறை ஒரே வரிசையில் உட்கார்ந்து கத்தும் ஆட்டம் அது.

ரக்பி தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அணிக்கு 15 பேர், முட்டை வடிவப் பந்து. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், ஆனால் கையால் முன்னோக்கி வீசக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். பந்து வைத்திருப்பவனை மடக்கிப் பிடித்துக் கீழே தள்ளலாம். சடுகுடு பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பிடி புதிதல்ல. எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் அது ஒரு 'ட்ரை'.

இந்த ஆட்டமே ஒரு பள்ளிக்கூடத்தில் பிறந்ததுதான். இங்கிலாந்தில் ரக்பி என்ற ஊரில் உள்ள பள்ளி அது. 1823ல் வில்லியம் வெப் எல்லிஸ் என்ற மாணவன் கால்பந்து ஆடும்போது திடீரென்று பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான், அப்படித்தான் ரக்பி பிறந்தது என்று ஒரு கதை உண்டு. அதற்குச் சரியான ஆதாரம் கிடையாது. ஆதாரம் உள்ள செய்தி அதைவிடச் சுவையானது. 1845ல் அந்தப் பள்ளியின் மூத்த மாணவர்கள் மூன்று பேர் உட்கார்ந்து ஆட்டத்தின் விதிகளை முதன்முதலாக எழுத்தில் வடித்தார்கள். விதியை எழுதியது வாத்தியார்கள் அல்ல, பையன்கள்! அந்த மூவரில் ஒருவரான வில்லியம் டெலாஃபீல்ட் ஆர்னால்ட் பின்னாளில் இந்தியாவுக்கு வந்து பஞ்சாப் மாகாணத்தின் பொதுக் கல்வி இயக்குநராக வேலை பார்த்தார்.

ஆர்னால்ட் வந்தாரே தவிர ஆட்டம் இந்தியாவில் லேசில் வேரூன்றவில்லை. 1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் இரண்டு பிரிவாகப் பிரிந்து ஒரு ரக்பி ஆட்டம் ஆடினார்கள். அந்த உற்சாகத்தில் அடுத்த மாதமே ஒரு கிளப் தொடங்கினார்கள். ஆனால் பட்டாளம் வேறு ஊருக்கு மாற்றப்பட்டதும் ஆள் குறைந்தது. மீதி இருந்தவர்கள் டென்னிஸ், போலோ பக்கம் போய்விட்டார்கள். இலவசமாக ஓடிக்கொண்டிருந்த மதுக்கூடம் மூடப்பட்டதும் கூட்டம் கரைந்தது என்று சொல்வார்கள். சில ஆண்டுகளிலேயே கிளப்பைக் கலைத்துவிட்டு, வங்கியில் கிடந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். மூடியின் மேல் யானை, கைப்பிடிகளாக மூன்று நாகப்பாம்புகள். அதை 1878ல் இங்கிலாந்து ரக்பி சங்கத்துக்கு அனுப்பி வைத்தார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் மோதிக்கொள்வது அந்தக் 'கல்கத்தா கோப்பை'க்குத்தான். இந்தியாவின் வெள்ளி போய்விட்டது, ஆட்டம் தங்கவில்லை. (கல்கத்தாவில் கிளப் பிற்பாடு மீண்டும் எழுந்தது, லா மார்ட்டினியர், ஆர்மீனியன் கல்லூரி போன்ற பள்ளிகளில் ரக்பி வளர்ந்தது. அது தனிக் கதை.)

கல்கத்தாவில் கிளப் கலைந்த சமயத்தில்தான், 1879ல், கொழும்பில் ஒரு கிளப் தொடங்கியது. அதுவும் வெள்ளைக்காரர்களுக்கான கிளப்தான். மலையகத்துத் தோட்டத் துரைமார்கள் ஓய்வு நாட்களில் ஆடினார்கள். தோட்டத்தில் உழைக்கத் தமிழகத்திலிருந்து கப்பலேறிப் போன மக்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான். துரைமார்களோடு நின்றிருந்தால் இலங்கையிலும் ரக்பி ஒரு நினைவுச்சின்னமாகத்தான் மிஞ்சியிருக்கும்.

அப்படி ஆகாமல் தடுத்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் என்ற பறங்கியர் இனத்தவர், டிரினிட்டியின் பழைய மாணவர். 1891 மே 4ஆம் தேதி கண்டியில் அவர் சொந்தமாக ஒரு பள்ளி தொடங்கினார். அதுதான் பின்னாளில் கிங்ஸ்வுட் கல்லூரி ஆயிற்று. முதல் நாள் வந்த மாணவர்கள் 11 பேர். ஒரு ரக்பி அணிக்கே 4 பேர் குறைவு! ஆனாலும் அதே ஆண்டில் பிளேஸ் தம் பையன்களுக்கு ரக்பி கற்றுக்கொடுக்கத் தொடங்கிவிட்டார்.

ஆனால் யாரோடு ஆடுவது? சுற்றுவட்டாரத்தில் ரக்பி ஆடும் இன்னொரு பள்ளி இல்லை. தனக்குத்தானே எத்தனை நாள் ஆட முடியும்? 1893ல் கிங்ஸ்வுட் ரக்பியை விட்டுவிட்டுக் கால்பந்துக்கு மாறியது. மைதானம் இருந்தது, பந்து இருந்தது, சொல்லிக்கொடுக்க ஆளும் இருந்தார். எதிரி மட்டும் இல்லை. இந்தச் சின்ன நிகழ்ச்சியில்தான் பள்ளி விளையாட்டின் ரகசியமே இருக்கிறது.

எதிரி கிடைக்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. 1904ல் டிரினிட்டிக்குத் தலைமை ஏற்றவர் ஏ. ஜி. ஃப்ரேசர் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். பள்ளியில் தாய்மொழிக்கு இடம் வேண்டும் என்று வாதாடியவர், உடற்பயிற்சியும் விளையாட்டும் குணத்தை வளர்க்கும் என்று நம்பியவர். அவர் காலத்தில் டிரினிட்டி ரக்பியைக் கையில் எடுத்தது. 1906 ஆகஸ்ட் 11 அன்று கண்டி போகம்பரை மைதானத்தில் கிங்ஸ்வுட்டும் டிரினிட்டியும் மோதின. இலங்கையில் இரண்டு பள்ளிகள் ஆடிய முதல் ரக்பி ஆட்டம் அதுதான். முடிவு 6க்கு 6, சமன். அன்றைய கணக்கில் ஒரு ட்ரைக்கு 3 புள்ளி. 1971ல் அது 4 ஆகி, 1992 முதல் 5 ஆகியிருக்கிறது. பழைய ஸ்கோர்களைப் பார்த்து "இவ்வளவுதானா?" என்று கேட்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கொழும்புக்கு ஆட்டம் இறங்கி வர இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது. ராயலும் டிரினிட்டியும் முதலில் சந்தித்தது 1920ல். மலைப் பையன்கள் வென்றார்கள். அதன் பிறகு 25 ஆண்டுகள் கேடயம் எதுவும் இல்லாமலேயே இந்தப் பகை வளர்ந்தது.

கேடயம் வந்த காலமும் கவனிக்கத்தக்கது. இரண்டாம் உலகப் போரில் ராயல் கல்லூரிக் கட்டடங்களை ராணுவம் மருத்துவமனைக்காக எடுத்துக்கொண்டது. வகுப்புகள் டரட் ரோட்டில் இருந்த பங்களாக்களுக்கு இடம் பெயர்ந்தன. கட்டடம் இல்லாத பள்ளியைக் கலையாமல் கட்டிக்காத்த முதல்வர் இ. எல். பிராட்பி. ராயலின் கடைசி ஆங்கிலேய முதல்வரும் அவர்தான். 1946ல் அந்த நாற்காலிக்கு ஜே. சி. ஏ. கொரயா வந்தார், முதல் இலங்கையர். பிராட்பி விட்டுச் சென்றவற்றில் இன்றுவரை பேரோடு நிற்பது அவர் 1945ல் கொடுத்த அந்தக் கேடயம். முதல் ஆண்டு அதை வென்றது டிரினிட்டி. அதாவது ராயல் முதல்வர் கொடுத்த பரிசு நேராகக் கண்டிக்குப் போய்விட்டது!

பிராட்பி போட்டியை மற்ற போட்டிகளிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் அமைப்பு. ஒரே ஆட்டத்தில் முடிவதில்லை. ஒரு ஆட்டம் கொழும்பில், இன்னொன்று கண்டியில். இரண்டிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டி, மொத்தத்தில் அதிகம் எடுத்தவருக்கே கேடயம். முதல் ஆட்டத்தில் 10 புள்ளி வித்தியாசத்தில் தோற்ற அணி, இரண்டாவதில் வெறுமனே ஜெயித்தால் போதாது, 10க்கு மேல் வித்தியாசம் காட்டியாக வேண்டும். இதனால் விசித்திரமான காட்சிகள் உண்டாகும். கடைசி நிமிடத்தில் 6 புள்ளி பின்தங்கிய அணி, பந்தை மைதானத்துக்கு வெளியே உதைத்துவிட்டுத் துள்ளிக் குதிக்கும். ஆட்டத்தில் தோற்றுக் கேடயத்தை வென்றவர்கள் அவர்கள். ஜெயித்த அணி தரையில் படுத்து அழும். விவரம் தெரியாமல் வேடிக்கை பார்க்கப் போனவருக்கு யார் வென்றார்கள் என்றே புரியாது.

இரண்டு ஆட்டங்களுக்கும் இடைப்பட்ட நாட்கள்தான் இந்தப் போட்டியின் உயிர். முதல் ஆட்டம் முடிந்ததும் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள். எத்தனை ட்ரை வேண்டும், எத்தனை பெனால்டி வேண்டும் என்று வகுப்பறையிலும் பேருந்திலும் இதே பேச்சு. கொங்கு நாட்டுப் பிள்ளைகள் கட்-ஆஃப் கணக்குப் போடும் அதே ஆர்வம், ஆனால் கணக்கு வேறு.

ஒரு சீசனில் இந்தப் பள்ளிகள் இசிபதன, செயின்ட் பீட்டர்ஸ், சாஹிரா, வெஸ்லி, புனித அந்தோனியார், தர்மராஜ, வித்யார்த்த, கிங்ஸ்வுட் போன்ற பல பள்ளிகளோடு லீக் ஆடுகின்றன. பௌத்தப் பள்ளி, முஸ்லிம் பள்ளி, கிறிஸ்துவப் பள்ளி, அரசுப் பள்ளி என்று எல்லாம் கலந்த பட்டியல் அது. ராயலே அரசுப் பள்ளிதான், டிரினிட்டி தனியார் பள்ளி. லீக் பட்டத்தைக் கோட்டை விட்டாலும் பிராட்பியை வென்றால் அந்த ஆண்டுக் கேப்டன் தலை நிமிர்ந்து நடக்கலாம். லீக்கை வென்று பிராட்பியை இழந்தவன் பாடு திண்டாட்டம்.

தமிழர்களுக்கும் இதில் பங்கு உண்டு. யாழ்ப்பாணத்துப் பள்ளிகளின் பெருமை 1904 முதல் மத்திய கல்லூரியும் புனித யோவான் கல்லூரியும் மோதும் கிரிக்கெட் ஆட்டம்தான். ஆனால் கொழும்பு, கண்டிப் பள்ளிகளில் படித்த தமிழ்ப் பையன்கள் ரக்பியும் ஆடினார்கள். பின்னாளில் இலங்கையின் வெளியுறவு அமைச்சராகி 2005ல் கொல்லப்பட்ட லக்ஷ்மன் கதிர்காமர், டிரினிட்டியில் கிரிக்கெட் கேப்டனாகவும் ரக்பி வீரராகவும் இருந்தவர். பள்ளியின் மிக உயர்ந்த ரைட் தங்கப் பதக்கத்தை 1950ல் வென்றார். அவருடைய அரசியலை ஏற்காதவர்கள் பலர் உண்டு, மைதானத்தில் அவர் காட்டிய திறமையை மறுப்பவர் இல்லை.

2019ல் பிராட்பி 75வது முறையாக நடந்தது. 1945லிருந்து எண்ணினால் ஒரு வருடம்கூட விடுபடவில்லை என்று தெரியும். 1971 கிளர்ச்சி, 1983 கலவரம், 80களின் இறுதியில் தெற்கில் பள்ளிகளே மூடிக் கிடந்த மாதங்கள், முப்பதாண்டுப் போர் எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தப் பந்து உருண்டிருக்கிறது. இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. ஒரு பக்கம் ஊர் எரியும்போது இன்னொரு பக்கம் கேடயத்துக்காகக் கத்தும் மனசு எப்படி வந்தது என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டாவது கேள்வியையும் ஒதுக்கிவிட முடியாது.

ஆட்டத்தைச் சுற்றிக் குறைகளும் உண்டு. நல்ல ஆட்டக்காரன் என்பதற்காகவே ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்கு மாணவனை இழுப்பது குறித்துச் சர்ச்சைகள் எழுகின்றன. தலையில் அடிபடுவதன் நீண்டகால விளைவுகள் பற்றி உலகம் முழுக்க ரக்பி நாடுகள் இப்போது கவலைப்படுகின்றன. பழைய மாணவர்களின் பணமும் பிடிவாதமும் பதினேழு வயதுப் பையன் தோளில் ஏறி உட்கார்ந்துகொள்வது இன்னொரு சங்கடம். நாமக்கல் பேனரில் முகம் வராத பையனுக்கும், கண்டியில் பெனால்டியைத் தவறவிட்ட பையனுக்கும் அன்று இரவு தூக்கம் வராது என்பதில் வித்தியாசம் இல்லை.

கொங்குச் சீமைக்கு ஏன் இந்த ஆட்டம் வரவில்லை? கண்டிக்குத் துரைமார்களைக் கொண்டுவந்த அதே காப்பிதான் கோவைக்கும் அவர்களைக் கொண்டுவந்தது. காப்பி வணிகர் ராபர்ட் ஸ்டேன்ஸ் 1862ல் கோவையில் பள்ளி தொடங்கினார், பிளேஸுக்கு 29 ஆண்டுகள் முன்பே. 1890களில் ஆனைமலையில் வால்பாறைத் தோட்டங்கள் எழுந்தன. பக்கத்தில் நீலகிரியில் லவ்டேல் போன்ற உறைவிடப் பள்ளிகள் இருந்தன. ஆங்கிலேயரும் இருந்தார்கள், மைதானமும் மழையும் இருந்தன. ஆனாலும் பள்ளிகளுக்கு இடையே ஆண்டுதோறும் ஆடும் ரக்பி மரபு ஒன்று இங்கே உருவாகவில்லை. ஹாக்கி, கிரிக்கெட், பிறகு கூடைப்பந்து இவற்றுக்கு எதிராட்டப் பள்ளி எளிதாகக் கிடைத்தது. ரக்பிக்கு இரண்டாவது பள்ளி கிடைக்கவில்லை. 1893ல் கண்டியில் நின்றது போலவே இங்கே தொடங்காமலே நின்றது.

வசதியான பள்ளிகளுக்கு மட்டுமே உரிய ஆட்டம் என்றும் சொல்லிவிட முடியாது. ஒடிசாவின் புவனேஸ்வரத்தில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான கலிங்கா சமூக அறிவியல் நிறுவனத்தின் 14 வயதுக்குட்பட்ட பையன்கள், ரக்பி கற்றுச் சொற்ப காலத்திலேயே 2007ல் லண்டன் போய்ப் பன்னாட்டுப் பள்ளி அணிகளுக்கான போட்டியை வென்று வந்தார்கள். இறுதி ஆட்டத்தில் தோற்றது தென் ஆப்பிரிக்க அணி!

போரால் நிறுத்த முடியாத பிராட்பியைக் கொரோனா நிறுத்தியது. 2020லும் 2021லும் ஆட்டம் இல்லை. எட்டு, பத்து வயதிலிருந்து அந்த ஒரு ஜெர்சிக்காகக் காத்திருந்து, கடைசி வருடத்துக்கு வந்து சேர்ந்த பையன்களில் பலர் ஆடாமலேயே பள்ளியை விட்டுப் போனார்கள். 2022ல் கேடயம் மறுபடி மைதானத்துக்கு வந்தபோது அவர்கள் பார்வையாளர் வரிசையில் பழைய மாணவர்களாக உட்கார்ந்திருந்தார்கள்.