கேள்வியும் உத்தியோகமும்

மௌனத்தைப் பற்றி நம் விமர்சகர்கள் நிறையவே எழுதியாகிவிட்டது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இருக்கும் மௌனம், கவிதை முடிந்தபின் மிஞ்சும் மௌனம் என்று சிறுபத்திரிகைப் பக்கங்களில் அது படாத பாடு பட்டிருக்கிறது. காது கேளாத ஒருவர் எப்படி வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்குகிறார் என்று விசாரித்தவர்கள் அபூர்வம். நம் பேச்சில் செவிடன் ஓர் உவமை. காரியம் பலிக்காதபோது அவன் காதில் சங்கு ஊதுகிறோம். ஆனால் உத்தியோகத்தில் அவனுக்கு நேர்ந்ததற்கு ஒரு சரித்திரம் உண்டு.

அதை 1880-லிருந்து தொடங்கலாம். அந்த வருஷம் செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாத குழந்தைகளுக்குச் சைகையைவிட வாய்ப்பேச்சே மேல் என்று தீர்மானம் போட்டது. போட்டவர்களில் ஏறக்குறைய எல்லோரும் காது கேட்பவர்கள். பல நாடுகளில் சைகைமொழி வகுப்பறையை விட்டு வெளியேற்றப்பட்டது. சைகையில் பாடம் சொன்ன காது கேளாத ஆசிரியர்களின் வேலையும் அதோடு போயிற்று. அவர்கள் அதுவரை நன்றாகத்தான் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த மாநாட்டின் வழிவந்தவர்கள் வான்கூவரில் கூடி அத்தீர்மானத்தை நிராகரித்தது 2010-ல்.

இந்தியாவில் 1977-ல் மத்திய சர்க்கார் ஊனமுற்றோருக்கு வேலையில் 3 சதவீதம் ஒதுக்கியது. காது கேளாதவர் பங்கு 1 சதவீதம். அதுவும் கடைசி இரண்டு படிகளான சி, டி பிரிவுகளில் மட்டும். 1995-ம் வருஷத்துச் சட்டம் மேல்படிகளுக்கும் வழி விட்டது. எந்தப் பதவிக்கு யார் லாயக்கு என்று அடையாளம் காணும் பொறுப்பை சர்க்காரிடமே வைத்தது. பணியிலிருக்கும்போது ஊனமுற்றவரை நீக்கக்கூடாது என்பதும் அதில் இருந்தது. 2016-ம் வருஷத்துச் சட்டம் ஒதுக்கீட்டை 4 சதவீதமாக்கியது. இரண்டு காதிலும் 70 டெசிபல் இழந்தவர் கேளாதவர், 60-லிருந்து 70 வரை இழந்தவர் மந்தச் செவியினர் என்று வரையறுத்தது. அதன் 20-ம் பிரிவு சர்க்கார் ஸ்தாபனங்கள் வேலையில் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. ஊழியருக்கு நியாயமான வசதி செய்து தரவேண்டும் என்கிறது. அதுவரை ஆளை அளந்துகொண்டிருந்த சட்டம், அலுவலகத்தையும் அளக்க முற்பட்டது இங்கேதான்.

ஓர் அரசுடைமை வங்கியில் குமாஸ்தாவாக இருக்கிறேன். என் சகா ஒருவர் வத்தல்மலைக்காரர், காது கேளாதவர். என்னைவிட மூத்தவர், அண்ணன் என்று கூப்பிடுவேன், அதாவது எழுதுவேன். தர்மபுரிக்கு மேலே இருக்கும் அந்த மலையில் சாமையும் கேழ்வரகும் காப்பியும் விளைகின்றன; வெகுகாலம் பஸ் ஏறாத மலை. எதிர்ச் சரிவில் நிற்பவரைத் துண்டை வீசிக் கூப்பிடுவதை அங்கே பார்த்திருக்கிறேன். காது கேட்கிறவர்களும் கையால் பேசவேண்டிய இடம். ஊரில் தனக்குக் குறையொன்றும் தெரிந்ததில்லை என்று அண்ணன் ஒரு வவுச்சரின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். கீழே இறங்கி, ஆஸ்பத்திரியில் காதுச் சோதனைக்கு உட்கார்ந்து, சதவீதம் வாங்கி, பரீட்சை எழுதி, வங்கியில் சேர்ந்தபின் ஊனம் தொடங்கிற்று. கவுண்டர் கிடையாது, ஜனங்கள் கூப்பிட்டால் கேட்காதாம். பதவி உயர்வும் கிடையாது. டெலிபோனை யார் எடுப்பது? பல வருஷம் ரிகார்டு அறையில் வவுச்சர் தைத்தார்.

வாய்வார்த்தையை வங்கி அளவுக்கு நம்பாத இடம் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. பணம் எடுப்பவர் சீட்டு எழுதவேண்டும். தொகையை எண்ணாலும் எழுத்தாலும் குறிக்கவேண்டும். கையெழுத்து ஒத்துப்போக வேண்டும். இப்போது டோக்கன் எண்கூடப் பலகையில் ஒளிர்கிறது. எழுத்தாலேயே நடக்கும் ஸ்தாபனம் ஓசையின் பெயரால் ஒருவரை ஒதுக்குகிறது. 20-ம் பிரிவைச் சுட்டி அண்ணன் மேலிடத்துக்கு மனு எழுதினார். பதில் டெலிபோனில் வந்தது. எடுத்துப் பேசிய மேலாளர் அவரைப் பார்த்துக் கையை விரித்தார்.

ஓர் அலுவலகத்தின் அசட்டுத்தனம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2014-ல் தமிழ்நாட்டில் 162 சிவில் நீதிபதி இடங்களுக்கு விண்ணப்பம் கேட்டார்கள். பார்வையோ செவியோ ஓரளவு குறைந்தவர்களுக்கு ஒதுக்கீடு உண்டு. ஆனால் குறை 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். 70 சதவீதம் பார்வை இழந்த வழக்கறிஞர் சுரேந்திர மோகன் இதை எதிர்த்து வழக்காடினார். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வரம்பு சரியே என்றது: நீதிபதிக்குக் கேட்கவும் பார்க்கவும் பேசவும் ஓரளவு திறன் வேண்டுமாம். வழக்காடியவர் பார்வை இழந்தவர். தீர்ப்பு காது கேளாதவரையும் சேர்த்து வெளியே நிறுத்தியது.

இங்கிலீஷில் வழக்கு நடப்பதற்கு 'ஹியரிங்' என்று பெயர். நீதிபதி கேட்கிறார். தமிழில் விசாரணை என்கிறோம். அந்தச் சொல்லில் காது இல்லை. சாட்சியம் எழுத்தில் பதிவாகிறது, தீர்ப்பும் எழுத்தில் வருகிறது. இரவல் சொல்லுக்குள் இருந்த காதையே தகுதியாக்கிக்கொண்டு விட்டோமோ என்று எனக்குச் சந்தேகம்.

அந்தத் தீர்ப்பு அதிக காலம் நிற்கவில்லை. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில், நியாயமான வசதி என்ற கோட்பாட்டைக் கணக்கில் எடுக்காத 2019 தீர்ப்பு இனி முன்னுதாரணமாகாது என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. 2023 செப்டம்பரில் சாரா சன்னி என்ற காது கேளாத வழக்கறிஞர் அதே மன்றத்தில் காணொளி வழியே ஆஜரானார். அதற்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு சைகைமொழிபெயர்ப்பாளர், திரையில் அவருக்கு ஒரு சதுரம். 2025 மார்ச்சில், பார்வையற்றவர்களை நீதித்துறைப் பணியிலிருந்து விலக்கிய மத்தியப் பிரதேச விதியும் ரத்தாயிற்று. யாருடைய கண்ணும் காதும் மாறவில்லை. மன்றம் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

தமிழில் கேள்வி என்றால் செவியால் பெறுவது, வினாவும் அதுதான். வள்ளுவர் அந்தப் பெயரில் அமைத்த அதிகாரத்தில் குறைப்பட்டுக்கொள்வது ஓசை எட்டாத காதைப் பற்றியல்ல, நல்லது நுழையாத காதைப் பற்றி. முதல் அர்த்தத்தில் கேள்வி இல்லாதவருக்கு இரண்டாம் அர்த்தத்தில் அது உண்டா என்பதே அலுவலகங்கள் பதில் சொல்லவேண்டிய விஷயம். ஒவ்வொரு சர்க்கார் ஸ்தாபனமும் ஒரு குறைதீர் அதிகாரியை நியமிக்கவேண்டும், புகாரை அவர் இரண்டு வாரத்துக்குள் விசாரிக்கவேண்டும் என்பது 2016 சட்டத்தின் 23-ம் பிரிவு. அண்ணன் இரண்டாவது மனுவை அந்த அதிகாரியின் பெயருக்கு எழுதியிருக்கிறார். அதன் கடைசி வரி: பதில் எழுத்தில் வேண்டும்.