அரைச் சம்பளம்

முன்பெல்லாம் பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் பணத்தையும் ‘சம்பளம்’ என்றுதான் சொல்வார்கள். அப்பா வாங்குவதும் சம்பளம். பிள்ளை கட்டுவதும் சம்பளம். சலுகை பெற்றவன் ‘அரைச் சம்பளப் பையன்’. அந்தப் பட்டத்தோடு அவன் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதற்கு மூலபுருஷர் சார்லஸ் உட் என்ற சீமைத் துரை. 1854-ல் அவர் அனுப்பிய கல்விச் சாசனம் தனியார் பள்ளிகளுக்குச் சர்க்கார் மானியம் உண்டு என்றது. ஆனால் எவ்வளவு சொற்பமானாலும் பிள்ளைகளிடம் சம்பளம் வாங்கியே தீரவேண்டும் என்று நிபந்தனையும் போட்டது. காசு கொடுக்காமல் வரும் படிப்புக்கு மதிப்பிராதாம்! அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, 1842-ல், பச்சையப்ப முதலியாரின் தர்மப் பணத்தில் சென்னையில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தாகிவிட்டது. துரையிடம் யாரும் சொல்லவில்லை போலும்.

1897-ல், பதினான்கு வயதுச் சுப்பிரமணிய பாரதி, படிப்பைத் தொடர உதவி கேட்டு எட்டயபுரம் அரசருக்குச் செய்யுளில் விண்ணப்பம் எழுதினார். கவிதை எழுதத் தெரியாத பிள்ளைகள் என்ன செய்தார்களோ!

காமராஜர் ஆட்சியில், 1960-ல், ஆண்டு வருமானம் 1,200 ரூபாய்க்குள் இருந்தால் உயர்நிலைப் பள்ளியிலும் சம்பளம் இல்லை என்றார்கள். மாதம் 110 ரூபாய் வாங்கிய குமாஸ்தா கோட்டுக்கு வெளியே நின்றார். 1964-ல், பக்தவத்சலம் முதலமைச்சராக இருந்தபோது, அந்தக் கோடும் அழிந்தது. பதினோராம் வகுப்பு வரை எல்லோருக்கும் இலவசம்.

அத்தோடு கதை முடிந்திருக்கலாம். நம்மவர்கள் விடவில்லை. இங்கிலீஷ் வேண்டும் என்று மெட்ரிகுலேஷன் பள்ளிகளைத் தேடிப் போனார்கள். அவற்றுக்கு மானியம் கிடையாது. ஆசிரியர் ஊதியம், கட்டடம், பெஞ்சு எல்லாம் பெற்றோர் தலையில். எண்பதுகளில் என்னையும் அப்படி ஒன்றில் சேர்த்தார்கள். ஜூன் மாதம் அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும். தைக்குப் பிறகு திரும்பும். ஒரு வருஷம் திரும்பவே இல்லை. அப்பா அதைப்பற்றிப் பேசியதில்லை. அம்மா மஞ்சள் கயிற்றோடு கல்யாணங்களுக்குப் போய்வந்தாள்.

2009-ல் கட்டணத்தை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தது. ஓய்வுபெற்ற ஹைகோர்ட் நீதிபதி தலைமையில் குழு அமைத்துப் பள்ளிக்குப் பள்ளி தொகை நிர்ணயித்தார்கள். அதே ஆண்டின் மத்தியச் சட்டம், தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் நூற்றுக்கு 25 இடத்தை நலிந்தவர்களுக்கு ஒதுக்கியது. தமிழ்நாட்டில் அதற்கும் ஒரு கோடு கிழித்தார்கள்: ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய். 1,200 ரூபாய்க் கோட்டுக்கு வெளியே நின்ற குமாஸ்தாவின் பேரன், வருமானச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்கும் வெளியே நின்றான்.