கைத்துப்பாக்கியின் பிடிப் பொருத்தம்

கைத்துப்பாக்கியின் பிடிப் பொருத்தம் என்பது ஒரு கைத்துப்பாக்கியின் பிடி, விசைவில் ஆகியவற்றின் அளவுகள் அதைப் பயன்படுத்துபவரின் கை அளவுக்கு எவ்வளவு ஒத்துவருகின்றன என்பதைக் குறிக்கும். குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 0.40 அங்குலம் (10 மி.மீ.) அல்லது அதற்கு மேல் உள்ள கைத்துப்பாக்கிகள் பொதுவாகப் பெருவிட்டக் கைத்துப்பாக்கிகள் எனப்படுகின்றன. இவற்றின் பின்னுதைப்பு வலிமையானது என்பதால், பொருந்தாத பிடியின் விளைவுகள் இவற்றில் கூடுதலாக வெளிப்படுகின்றன. குண்டு இலக்கைத் தவறி வேறொருவரைத் தாக்கக்கூடும். சுடுபவரின் கையும் காயமடையலாம்.

விட்டம் பெரிதானால் பிடியும் பெரிதாகும் என்பது பரவலான கருத்து. ஆனால் பிடியின் அளவைத் தீர்மானிப்பவை தோட்டாவின் நீளமும், தோட்டாக்கள் அடுக்கப்படும் முறையும், விசைவில்லின் அமைப்புமே ஆகும்.

பொருத்தத்தின் கூறுகள்

பிடிப் பொருத்தத்தில் முதன்மையானது விசைவில் எட்டு தொலைவு ஆகும். இது பிடியின் பின்புறத்தில் கை பதியும் இடத்திலிருந்து விசைவில்லின் முகப்பு வரை உள்ள தொலைவு. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட வளைவு பிடியின் பின்புறத்தில் உயரமாகப் பதிந்திருக்க வேண்டும். அந்நிலையில் குழலும் முன்கையும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் அமைய, சுட்டுவிரலின் முதற்கணுச் சதை விசைவில்லின் நடுவில் படிந்தால் துப்பாக்கி பொருந்துகிறது எனலாம்.

தொலைவு மிகுந்தால் விரல் நுனி மட்டுமே விசைவில்லை எட்டும். அப்போது விசைவில் நேராகப் பின்னோக்கி இழுபடாமல் துப்பாக்கி பக்கவாட்டில் தள்ளப்படும். இதைத் தவிர்க்கச் சிலர் பிடியைக் கைக்குள் திருப்பிக்கொள்வர். அவ்வாறு செய்தால் பின்னுதைப்பு முன்கைக்குச் செல்லாமல் கட்டைவிரலின் அடிமூட்டைத் தாக்கும். தொலைவு மிகக் குறைந்தாலோ விரல் தேவைக்கு அதிகமாக உள்ளே சென்று, இழுக்கும்போது துப்பாக்கியின் சட்டகத்தை உரசி அதைத் திருப்பிவிடும்.

இரண்டாவது கூறு பிடியின் சுற்றளவு. விரல்கள் பிடியைப் போதிய அளவு சுற்றி வளைக்காவிட்டால் பின்னுதைப்பின்போது பிடி கைக்குள் நகரும். அரைத்தானியங்கித் துப்பாக்கியை உறுதியாகப் பிடிக்காவிட்டால் அதன் மேற்பகுதி முழுமையாகப் பின்னகராமல் அடுத்த தோட்டா சிக்கிக்கொள்ளவும் கூடும்.

தோட்டாவும் பிடியும்

அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கியில் தோட்டாக்கூடு பிடிக்குள் அமைந்திருக்கும். எனவே தோட்டாவின் நீளம் பிடியின் முன்பின் ஆழத்தையும், தோட்டா வரிசைகளின் எண்ணிக்கை பிடியின் அகலத்தையும் நிர்ணயிக்கின்றன. சில தோட்டாக்களின் அதிகபட்ச மொத்த நீளம் ஏறத்தாழ வருமாறு:

9 மி.மீ. பாரபெல்லம் – 29.7 மி.மீ.
.40 ஸ்மித் அண்ட் வெசன் – 28.8 மி.மீ.
10 மி.மீ. ஆட்டோ – 32.0 மி.மீ.
.45 ஏ.சி.பி. – 32.4 மி.மீ.
.50 ஆக்சன் எக்ஸ்பிரஸ் – 40.9 மி.மீ.

.40 தோட்டா 9 மி.மீ. தோட்டாவைவிடப் பருமனானது, ஆயினும் நீளத்தில் குறைந்தது என்பது இப்பட்டியலில் கவனிக்கத்தக்கது. டெசர்ட் ஈகிள் துப்பாக்கியின் .50 வடிவத்தில் பிடி மிக ஆழமாக இருப்பதற்கு அதன் தோட்டா நீளமே காரணம்.

ரிவால்வர் எனப்படும் சுழல் கைத்துப்பாக்கியில் தோட்டாக்கள் பிடிக்குள் இல்லை, சுழலுருளையில் உள்ளன. எனவே பிடியை மெலிதாகவோ தடிமனாகவோ மாற்றிக்கொள்ளலாம். ஆனால் விசைவில் எட்டு தொலைவு பெரும்பாலும் சட்டகத்தின் அளவைப் பொறுத்தது. ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் தன் சட்டகங்களை ஜே, கே, எல், என் என அளவு வாரியாகக் குறிக்கிறது. அந்நிறுவனம் 1955இல் வெளியிட்ட .44 மேக்னம் சுழல் கைத்துப்பாக்கி (பின்னாளைய மாடல் 29) பெரிய என் சட்டகத்தில் அமைந்தது. 2014இல் வெளிவந்த மாடல் 69, அதே தோட்டாவைச் சிறிய எல் சட்டகத்தில் ஏற்றது. அதற்காக சுழலுருளையின் கொள்ளளவு ஆறிலிருந்து ஐந்தாகக் குறைக்கப்பட்டது.

பின்னுதைப்பு

குண்டும் வெடிவளிமங்களும் முன்னோக்கிப் பெறும் உந்தத்துக்குச் சமமான உந்தத்தைத் துப்பாக்கி பின்னோக்கிப் பெறுகிறது. வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகத்தில் செல்லும் 8 கிராம் 9 மி.மீ. குண்டின் உந்தம் 2.8 கி.கி.மீ/வி. ஆகும். வினாடிக்கு 255 மீட்டர் செல்லும் 14.9 கிராம் .45 குண்டுக்கு இது 3.8. வினாடிக்கு 400 மீட்டர் செல்லும் 15.6 கிராம் .44 மேக்னம் குண்டுக்கு 6.2. உந்தம் மாறாதபோது, துப்பாக்கியின் எடை கூடக்கூட அது பின்னோக்கி வரும் வேகமும் ஆற்றலும் குறையும். எனவே பெருவிட்டத் துப்பாக்கிகளில் இலேசான எடை எப்போதும் நன்மையன்று.

குழல் கைக்கு மேலே இருப்பதால் பின்னுதைப்பு துப்பாக்கியின் முனையை மேல்நோக்கித் திருப்புகிறது. கை எவ்வளவு உயரமாகப் பதிகிறதோ அவ்வளவுக்கு இத்திருப்பம் குறையும். 1873இன் கோல்ட் சிங்கிள் ஆக்சன் ஆர்மி சுழல் கைத்துப்பாக்கியின் வளைந்த பிடி, கைக்குள் மேல்நோக்கி உருளும்படி அமைந்திருந்தது. இதனால் தாக்கம் சற்றுக் குறைந்தாலும், ஒவ்வொரு முறையும் பிடியைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

வரலாறு

அமெரிக்கத் தரைப்படை 1911இல் ஜான் பிரவுனிங் வடிவமைத்த .45 கைத்துப்பாக்கியை எம்1911 என்ற பெயரில் ஏற்றுக்கொண்டது. முதல் உலகப் போருக்குப் பின் 1920களில் உருவான எம்1911ஏ1 வடிவத்தில் விசைவில் குட்டையாக்கப்பட்டது. விரல் எளிதில் சென்றடைய விசைவில்லுக்குப் பின்னே சட்டகத்தின் இருபுறமும் குழிவுகள் வெட்டப்பட்டன. சுத்தியல் கையைக் கடிப்பதைத் தடுக்கப் பிடிப்பாதுகாப்பின் மேல்நுனி நீட்டப்பட்டது. தோட்டாவில் எம்மாற்றமும் இன்றி, கைக்கு ஏற்பத் துப்பாக்கி மாற்றப்பட்டதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

1985இல் அதற்கு மாற்றாகத் தேர்வான பெரெட்டா எம்9 இதற்கு நேர்மாறானது. இது 9 மி.மீ. துப்பாக்கியே எனினும், 15 தோட்டாக்களை இரட்டை வரிசையில் கொண்டதால் இதன் பிடி ஒற்றை வரிசை .45 துப்பாக்கியின் பிடியைவிடத் தடிமனாக இருந்தது. முதல் முறை சுடும்போது விசைவில் நெடுந்தொலைவு முன்னால் நின்றது. சிறிய கைகளைக் கொண்ட வீரர்களுக்கு இது இடராக அமைந்தது.

1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் நிகழ்ந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. முகவர்கள் இருவர் கொல்லப்பட்டனர், ஐவர் காயமடைந்தனர். இதில் 9 மி.மீ. குண்டு ஒன்று குற்றவாளியின் இதயத்தை எட்டாமல் நின்றதால், அந்த அமைப்பு வலிமையான தோட்டாவை நாடியது. 1990இல் 10 மி.மீ. தோட்டாவுக்கான ஸ்மித் அண்ட் வெசன் 1076 வழங்கப்பட்டது. பின்னுதைப்பைக் குறைக்க இத்தோட்டாவின் வெடிமருந்து குறைக்கப்பட்டது. குறைந்த மருந்துக்கு நீண்ட உறை தேவையில்லை என்பதால் அதே ஆண்டு .40 ஸ்மித் அண்ட் வெசன் தோட்டா பிறந்தது. 9 மி.மீ. துப்பாக்கி அளவிலான பிடிக்குள் அது அடங்கியதால் அமெரிக்கக் காவல் துறைகளில் விரைவாகப் பரவியது.

2014இல் எஃப்.பி.ஐ. பயிற்சிப் பிரிவு மீண்டும் 9 மி.மீ. தோட்டாவைப் பரிந்துரைத்தது. மோதல்களில் காவலர்கள் சுடும் குண்டுகளில் சராசரியாக 20 முதல் 30 விழுக்காடு மட்டுமே இலக்கைத் தாக்குகின்றன என்றும், பெரும்பாலான முகவர்கள் 9 மி.மீ. கொண்டு விரைவாகவும் துல்லியமாகவும் சுடுகின்றனர் என்றும் அது குறிப்பிட்டது. குண்டு வடிவமைப்பில் ஏற்பட்ட முன்னேற்றமும் இம்முடிவுக்குக் காரணமாகும்.

மாற்றத்தக்க பிடிகள்

1990களின் பிற்பகுதியில் வெளிவந்த வால்தர் பி99, பிடியின் பின்பகுதியை மாற்றிக்கொள்ளும் வசதியைக் கொண்டிருந்தது. 2007இல் குளொக் நிறுவனம் தன் .45 துப்பாக்கியின் எட்டு தொலைவைக் குறைத்து 21எஸ்எஃப் என்ற வடிவத்தை வெளியிட்டது. 2017 சனவரியில் எம்9க்கு மாற்றாக அமெரிக்கத் தரைப்படை தேர்ந்த சிக் சாவர் பி320 (எம்17) துப்பாக்கியில், பிடி முழுவதையும் வேறு அளவில் மாற்றலாம்.

சுழல் கைத்துப்பாக்கிகளில் பின்புறத்தையும் மூடும் ரப்பர் பிடி அதிர்ச்சியைத் தணிக்கும், ஆனால் எட்டு தொலைவைக் கூட்டும். சட்டகத்தின் பின்புறத்தை மூடாத பிடி எட்டு தொலைவைக் குறைக்கும், ஆனால் அதிர்ச்சி நேராகக் கையை அடையும்.

தேர்ந்தெடுத்தல்

பொருத்தத்தைச் சோதிக்கும் முன், துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைப் பார்த்தும் தொட்டும் உறுதி செய்வதும், குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்திருப்பதும் கட்டாயமாகும். பின்னர் விசைவில் எட்டு தொலைவும், பிடியை மாற்றாமலேயே தோட்டாக்கூட்டை விடுவிக்கும் பொத்தானைக் கட்டைவிரல் அடைகிறதா என்பதும் பார்க்கப்படும். வெறுங்கையில் நன்கு பொருந்துவதாகத் தோன்றும் துப்பாக்கியும் சுடும்போது கைக்குள் நகரலாம். எனவே பயிற்சிக் களத்தில் தொடர்ந்து பல முறை சுட்டு, ஒவ்வொரு முறைக்குப் பின்னும் பிடி அதே இடத்தில் உள்ளதா என நோக்குவதே இறுதிச் சோதனையாகும். பிடி இடம் மாறிக்கொண்டே இருந்தால் சிறிய சட்டகம், மெல்லிய பிடி அல்லது பின்னுதைப்புக் குறைந்த தோட்டா பரிந்துரைக்கப்படுகிறது.