நாலுக்கு மூன்று

சுவாமி படத்துக்குக் கண்ணாடி போடுகிற கடைக்காரர், முதலில் படத்தை அளந்து பார்த்துக் கொண்டுதான் சட்டத்தை அறுப்பார். கைவசம் இருக்கிற சட்டம் சிறியது என்பதற்காக முருகனுடைய வேலையும் மயிலையும் கத்தரித்து எறிந்துவிட்டு, மிஞ்சியதைக் கண்ணாடிக்குள் வைத்துக் கொடுத்தால் நாம் சும்மா இருப்போமா? ஆனால் ஸினிமாவையும் டெலிவிஷனையும் ஒன்று சேர்க்கிறோம் என்று சொல்லிக் கொண்டு, வெகு காலம் இந்தக் காரியத்தைத்தான் செய்து வந்தார்கள்.

சட்டத்தின் கதை பழையது. 1892-ம் ஆண்டு வாக்கில், எடிஸனிடம் வேலை பார்த்த டிக்ஸன் என்பவர், பிலிம் சுருளை 35 மில்லிமீட்டர் அகலத்துக்கு வகிர்ந்து, ஓரங்களில் நான்கு துளைக்கு ஒரு படம் என்று வைத்தார். படத்தின் அகலம் நாலு பங்கு என்றால் உயரம் மூன்று பங்கு ஆயிற்று. பேசும் படம் வந்ததும் ஒலிக்கு ஓரத்தில் இடம் விட வேண்டியிருந்ததால் அளவு கொஞ்சம் தடுமாறிற்று. 1932-ல் ஹாலிவுட் அகாடமி தலையிட்டு, ஏறக்குறையப் பழைய வடிவத்துக்கே அதைத் திருப்பிக் கொண்டு வந்தது. பிறகு பிறந்த டெலிவிஷன், அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக் கொள்வதுபோல் அதே நாலுக்கு மூன்றை எடுத்துக் கொண்டது.

அண்ணன் தம்பிக்குள் சண்டை மூண்டது அதற்கப்புறம்தான். அமெரிக்க ஜனங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து டெலிவிஷன் பார்க்கத் தொடங்கியதும் கொட்டகைகள் காற்றாடத் தொடங்கின. வீட்டில் கிடைக்காத ஒன்றைக் காட்டினால்தானே ஜனங்கள் டிக்கெட் வாங்குவார்கள்? 1952-ல் மூன்று புரொஜெக்டர்களைச் சேர்த்து ஓட்டி, வளைந்த திரையில் ‘ஸினிராமா’ காட்டினார்கள். மறு வருஷமே ‘தி ரோப்’ என்ற படத்துடன் ஸினிமாஸ்கோப் வந்தது. இதற்கு மூலம் ஹென்ரி கிரெத்தியேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த லென்ஸ். அது அகலமான காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கிப் பிலிமில் பதித்துவிடும். கொட்டகையில் இன்னொரு லென்ஸ் அதை விரித்துத் திரையில் போடும். குரு தத் 1959-ல் ‘காகஜ் கே பூல்’ படத்தை ஸினிமாஸ்கோப்பில் எடுத்தார். தமிழுக்கு 1973-ல் ‘ராஜராஜ சோழன்’ அந்த அகலத்தைக் கொண்டு வந்தது.

சண்டையும் நீடிக்கவில்லை. 1961 செப்டம்பரில் அமெரிக்காவின் என்.பி.சி. நிறுவனம் ‘ஹௌ டு மேரி எ மில்லியனேர்’ என்ற ஸினிமாஸ்கோப் படத்தை டெலிவிஷனில் காட்டியது. அகலப் படம் குறுகிய பெட்டிக்குள் எப்படி நுழையும்? உயரத்தை முழுசாக வைத்தால், அகலத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வெளியே நிற்கும். ஆகவே, இத்தகைய படங்களில் எது முக்கியமோ அந்தப் பகுதியை மட்டும் வெட்டிக் காட்டும் வழக்கம் ஏற்பட்டது.

எது முக்கியம் என்று முடிவு செய்வது யார்? கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு உறுத்துகிற விஷயம் இதுதான். ஓர் ஓரத்தில் கணவன் பேசுகிறான். மறு ஓரத்தில் மனைவி தலை குனிந்து கேட்டுக் கொண்டிருக்கிறாள். வெட்டுகிற ஆசாமி பேசுகிறவனைத்தான் வைத்துக் கொள்வான். கதையோ கேட்கிறவள் முகத்தில் இருக்கிறது. இருவருக்கும் நடுவே கிடக்கும் வெறும் இடமும் டைரக்டர் யோசித்து வைத்ததுதான்.

1984-ல் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற அமெரிக்க எஞ்சினீயர், வழக்கிலிருந்த திரை வடிவங்களை ஒரே பரப்புள்ள செவ்வகங்களாக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பதினாறுக்கு ஒன்பது என்று ஒரு சமரசம் சொன்னார். புதிய டெலிவிஷன்கள் அதை ஏற்றுக் கொண்டன. ஆனால் பழைய பெட்டிகள் வீட்டை விட்டுப் போகவில்லையே! 1996-ல் டி.வி.டி. வந்ததும் சங்கடம் வேறு ரூபத்தில் தலை காட்டிற்று.

டிஜிட்டல் படத்தில் ஒரு வேடிக்கை உண்டு. டி.வி.டி.யில் பதிந்திருப்பது வெறும் புள்ளிக் கணக்கு. நம் நாட்டு முறையில் வரிக்கு 720 புள்ளி. மொத்தம் 576 வரி. குறுகிய படத்துக்கும் அகலப் படத்துக்கும் இதே கணக்குத்தான். ‘இதை அகலமாக விரித்துக் காட்டவும்’ என்று கூடவே ஒரு சீட்டு மட்டும் போகும். டிஜிட்டலை அனலாக் ஆக்கி மஞ்சள் ஒயர் வழியாக அனுப்பும்போது, பழைய பெட்டிக்கு அந்தச் சீட்டைப் படிக்கத் தெரியாது. ஐரோப்பாவில் அனலாக் படத்தின் 23-வது வரியிலேயே சீட்டை ஒளித்து வைத்து அனுப்பினார்கள். படிக்கத் தெரிந்த பெட்டிகளுக்குத்தான் அது உதவிற்று. மற்றவற்றில் கதாநாயகி ஒட்டடைக் கம்பாக நெடுத்துப் போனாள். நாலங்குல வண்டிச் சக்கரம் மூன்றங்குல அகலமாக ஒடுங்கிற்று.

பரிகாரம் சுலபம். அனுப்புகிற கருவியில் டெலிவிஷன் வடிவம் கேட்கும் இடத்துக்குப் போய், ‘நாலுக்கு மூன்று, லெட்டர் பாக்ஸ்’ என்று சொல்லிவிட வேண்டும். கருவியே 576 வரியை 432 ஆகச் சுருக்கி, மேலே 72, கீழே 72 வரியைக் கறுப்பாக விட்டுவிடும். முகம் முகமாக இருக்கும். பேசுகிறவனும் இருப்பான், கேட்கிறவளும் இருப்பாள். “காசு கொடுத்துப் பெட்டி வாங்கியது கறுப்புப் பட்டை பார்க்கவா?” என்று கேட்டு, நெட்டை மனிதர்களோடேயே குடித்தனம் செய்த வீடுகளும் உண்டு.

இப்போது நிலைமை தலைகீழ். பெட்டி அகலம், பழைய படம் குறுகல். 1948-ல் வாசன் எடுத்த ‘சந்திரலேகா’வின் முரசு நடனத்தை மேலும் கீழும் வெட்டி அகலப் பெட்டியில் நிரப்பினால், உயரத்தில் கால் பங்கு போய்விடும். நடனத்தில் பாதத்தை வெட்டினால் பிறகு என்ன இருக்கிறது? வெட்டாமல் பக்கவாட்டில் இழுத்தாலோ, ஆடுகிறவர்கள் அத்தனை பேரும் குண்டோதரர்கள்!

ஆகையால், பழைய படம் பார்க்கும்போது ஒரு வண்டிச் சக்கரமோ பூரண சந்திரனோ வந்தால் கவனித்துப் பாருங்கள். வட்டமாக இல்லையென்றால் ரிமோட்டை எடுத்து வடிவத்தை நாலுக்கு மூன்றாக மாற்றிவிடுங்கள். இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கிறதே என்று வீட்டில் யாராவது முணுமுணுத்தால், எடுத்தவர் எடுத்த படம் அவ்வளவுதான் என்று சொல்லுங்கள்.