சேரன்மாதேவிக் குருகுலமும் பத்திரிகைகளும்

திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குச் செல்லும் இருப்புப் பாதையில், தாமிரபரணியாற்றை அடுத்துச் சேரன்மாதேவி என்னும் ஊர் இருக்கிறது. வண்டியில் போகும் மாணவர் பலர் அந்நிலையத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பர். நூறாண்டுகளுக்கு முன்னர் அவ்வூரின் பெயர் பல மாதங்கள் தமிழ்ப் பத்திரிகைகளில் ஓயாமல் அடிபட்டது. அங்கிருந்த ஒரு பள்ளியில் இரண்டு சிறுவர் மற்றவரோடு சேராமல் தனியே அமர்ந்து உண்டனர் என்பதே அதற்குக் காரணம்.

பள்ளியை நிறுவியவர் வ. வே. சு. ஐயர். 1881இல் திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த வரகனேரியில் பிறந்தவர். பாரிஸ்டர் படிப்புக்காக இலண்டன் சென்று, அங்கே புரட்சியாளரோடு கலந்து, 1910இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். 'குளத்தங்கரை அரசமரம்' என்னும் சிறுகதையின் ஆசிரியர் என்றால் மாணவர்க்கு எளிதில் விளங்கும். 1920இல் சென்னை திரும்பி, 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். அதில் வெளிவந்த ஒரு கட்டுரைக்காக மறு ஆண்டே சிறை புகுந்தார். பெல்லாரிச் சிறையிலிருந்து வெளிவந்தவர், 1922ஆம் ஆண்டின் இறுதியில் கல்லிடைக்குறிச்சியில் ஒரு தமிழ்க் குருகுலம் தொடங்கினார். அது அடுத்த ஆண்டே சேரன்மாதேவிக்கு மாறிற்று.

அது ஒத்துழையாமைக் காலம் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். அரசாங்கப் பள்ளிகளை விட்டு வெளியேறுங்கள் என்று காங்கிரஸ் சொல்லிற்று. வெளியேறிய பிள்ளைகளுக்கு வேறு பள்ளி வேண்டுமல்லவா? தாய்மொழிக் கல்வி, உடற்பயிற்சி, கைத்தொழில், நாட்டுத் தொண்டு ஆகிய இவையெல்லாம் ஒருங்கே அமைந்த பள்ளியாக ஐயரின் குருகுலம் எண்ணப்பட்டது. அங்கிருந்தே 'பால பாரதி' என்னும் திங்களிதழும் வெளிவந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி இப்பள்ளிக்குப் பத்தாயிரம் ரூபாய் தர இசைந்து, முதற் பகுதியாக ஐயாயிரத்தைக் கொடுத்தது. பல சாதிகளையும் சேர்ந்த செல்வர்களும் பொருளுதவி செய்தனர். அந்நாளில் ஐயாயிரம் ரூபாய் பெருந்தொகை. பொதுப்பணம் புகுந்த இடத்தில் பொதுமக்களின் கேள்வியும் புகத்தானே செய்யும்?

கேள்வி 1924ஆம் ஆண்டின் இறுதியிலும் 1925ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் வலுத்தது. குருகுலத்தில் இரு பிராமணச் சிறுவர்க்கு மட்டும் தனிப்பந்தி நடைபெறுகிறது என்பது செய்தி. உணவின் தரத்திலும் வழிபாட்டிலும்கூட வேறுபாடு உண்டு என்றும் புகார் எழுந்தது. பின்னாளில் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரான ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகனும் அங்கே பயின்றார். அவர் வாயிலாகவே இச்செய்தி வெளியே வந்தது என்று சொல்வது வழக்கம்.

ஐயர் இதை மறைக்கவில்லை. அச்சிறுவரைச் சேர்க்கும்போது அவர்களுடைய பெற்றோர் விதித்த நிபந்தனைக்குத் தாம் இணங்கியதாகவும், கொடுத்த வாக்கை மீற முடியவில்லை என்றும் அவர் விளக்கினார். அவரைப் பொறுத்தவரை சாதி பாராமல் எல்லாரோடும் அமர்ந்து உண்பவர்தாம். இதை அவரை எதிர்த்தவர்களும் அறிவர். ஆகவே, வழக்கு ஐயரின் மனத்தைப் பற்றியதன்று; சேர்க்கையின்போது கொடுக்கப்பட்ட ஒரு தனி வாக்குறுதியைப் பற்றியது. ஊருக்கு அறிவித்த விதி ஒன்று. ஒரு பெற்றோருக்கு அறைக்குள் கொடுத்த சலுகை மற்றொன்று.

தலைமையாசிரியராக இருந்தவர்க்கெல்லாம் அந்த அறை நன்கு தெரியும். ஜூன் மாதத்தில் நாற்காலியின் நுனியில் அமர்ந்து, "எம் பிள்ளைக்கு மட்டும்" என்று தொடங்கும் தந்தையர் எத்தனை பேர்! கேட்பது பெரும்பாலும் சிறியதாகவே தோன்றும். இரண்டு இலைகளை வேறோர் இடத்தில் போடுவதும் ஐயருக்கு அவ்வாறு சிறியதாகத் தோன்றியிருக்கலாம். ஆனால், ஒரே கூரையின் கீழ் வாழும் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய பாடம் வேறொன்றும் இல்லை.

இச்செய்தியைக் கையிலெடுத்துத் தொடர்ந்து எழுதியவர் 'தமிழ்நாடு' இதழின் ஆசிரியர் டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு. இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் வெளியார் அல்லர்; அப்போது தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவரே அவர்தாம். எந்தக் கமிட்டி பணம் கொடுத்ததோ, அந்தக் கமிட்டியின் தலைவர், தம் கட்சியின் மதிப்புக்குரிய ஒருவர் நடத்தும் பள்ளியின் குறையை அச்சில் ஏற்றினார். ஈ. வெ. ராமசாமியும் அவருக்குத் துணை நின்றார். 1924இல்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லாரும் நடக்க உரிமை கேட்டு அவர் சிறை சென்று மீண்டிருந்தார். வைக்கத்துத் தெருவில் கேட்டதைச் சேரன்மாதேவிப் பந்தியில் கேட்காமல் இருப்பது எப்படி?

'குடி அரசு' இதழே இவ்விவகாரத்தை வெளிக்கொணர்ந்தது என்று சிலர் எழுதிவிடுகின்றனர். ஈரோட்டில் 'குடி அரசு' தொடங்கியது 1925 மே 2ஆம் நாள். அதற்குள் குருகுலச் சர்ச்சை முற்றிக் கனிந்திருந்தது. முன்னணியில் நின்றது 'தமிழ்நாடு' இதழேயாம். தேதிகளை வரிசைப்படுத்திப் பார்க்கும் பழக்கம் இத்தகைய பிழைகளைத் தவிர்க்கும்.

ஒரு தேசியப் பள்ளியைப் பத்திரிகையில் இழிவுபடுத்தலாமா, இச்சிறு பொருளுக்காக விடுதலை இயக்கத்தைப் பிளக்கலாமா என்பது மறுதரப்பினரின் வாதம். 1925 மார்ச்சில் காந்தியடிகள் தமிழ்நாட்டுக்கு வந்தபோது வழக்கு அவர்முன் சென்றது. இப்போதுள்ள இரு சிறுவர்க்கு மட்டும் விலக்கு அளித்து, இனிச் சேர்வோர் யாவரும் ஒரே பந்தியில் உண்ணும்படி செய்யலாம் என்பது அவர் காட்டிய வழி. அச்சமரசம் நிலைக்கவில்லை.

சேர்க்கையின்போது மறைவில் கொடுத்த வாக்குறுதி பத்திரிகையால் வெளிப்பட்ட இன்னொரு வரலாற்றோடு ஒப்பிட்டால், நம் ஊர்க் கதை இன்னும் தெளிவாகும். அதற்கு அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்திலுள்ள லெக்சிங்டன் நகர்வரை போய்வர வேண்டும். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துக் குழு அம்மாநில மக்களுக்குக் குலதெய்வம் போன்றது. மாணவ ஆட்டக்காரர்க்குக் கல்விச் செலவும் உணவும் உறையுளும் தவிர வேறு பணம் தரக்கூடாது என்பது அந்நாளைய விதி. (2021 முதல் அவ்விதி தளர்ந்து, 2025இலிருந்து கல்லூரிகளே ஆட்டக்காரர்க்கு நேரே பணம் கொடுக்கலாம் என்னும் நிலை வந்திருக்கிறது.) ஆயினும், திறமையான இளைஞரைத் தம் கல்லூரிக்கு இழுக்கவும், வந்தவரைத் தக்கவைக்கவும் மறைவில் பணம் கைமாறும். குழுவின் மீது பற்றுக்கொண்ட செல்வர்கள் கைகுலுக்கும்போதே ஆட்டக்காரரின் உள்ளங்கையில் நோட்டை வைத்து அழுத்துவார்களாம்.

1985 அக்டோபரில் அந்நகரத்து நாளிதழான 'லெக்சிங்டன் ஹெரால்டு-லீடர்' இதை வெளியிட்டது. அதன் நிருபர்களான ஜெஃப்ரி மார்க்ஸ், மைக்கேல் யார்க் இருவரும் 33 முன்னாள் ஆட்டக்காரர்களை நேரில் கண்டு கேட்டு எழுதினர். ஊரே கொதித்தது. சந்தாதாரர் பலர் பத்திரிகையை நிறுத்தினர். அலுவலகத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்தது. மறு ஆண்டு அக்கட்டுரைகளுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஆனால், கல்லூரி விளையாட்டுகளை ஆளும் சங்கம் விசாரித்தபோது, முன்பு பேசியவர்களில் பலர் பின்வாங்கினர். 1988 மார்ச்சில் விசாரணை ஒரு கண்டனத்தோடு முடிந்தது. அடுத்த மாதமே வேறொரு செய்தி வெடித்தது. அதே பல்கலைக்கழகத்திலிருந்து, குழுவில் சேரவிருந்த ஓர் இளைஞரின் தந்தைக்கு அனுப்பிய பொதி வழியிலே பிரிந்து, உள்ளே ஆயிரம் டாலர் இருந்தது தெரியவந்ததாக லாஸ் ஏஞ்சல்ஸ் நாளிதழ் ஒன்று எழுதிற்று. 1989இல் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், இரண்டாண்டுகள் இறுதிப் போட்டித் தொடரில் ஆடத் தடையும் விதிக்கப்பட்டன.

இவ்விரு வரலாறுகளுக்கும் பொதுவானது, சொந்த ஊர், சொந்தக் கட்சி என்று பாராமல் எழுதிய துணிவு. தொலைவிலிருப்பவன் எழுதினால் பகை என்று தள்ளிவிடலாம். வீட்டுக்குள் இருப்பவன் எழுதும்போது அப்படித் தள்ள முடிவதில்லை. ஆனால், வேற்றுமையும் ஒன்று உண்டு. லெக்சிங்டன் நிருபர்கள் பணம் வாங்கிய இளைஞரிடமே சென்று கேட்டனர். சேரன்மாதேவிச் சர்ச்சையிலோ பெரும்பாலும் பெரியவர்களின் குரலே கேட்கிறது. ஐயர் சொன்னார், நாயுடு மறுத்தார், காந்தியடிகள் கருதினார், கமிட்டி கூடிற்று என்றே செய்தி வளர்கிறது. எழுத்துச் சூடேறச் சூடேற, பந்தி கண்ணுக்கு மறைந்து கட்சி தெரியலாயிற்று. அந்தப் பிள்ளைகளிடம் உட்கார்ந்து, "உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டு ஒரு பத்தி எழுதியிருந்தால் அது இன்று நமக்குப் பொன்னாக இருக்கும்.

இருந்தாலும், நாயுடு எழுதியது சரியே என்பது என் கருத்து. எழுதாமல் விட்டிருந்தால் அந்தத் தனிப்பந்தி எத்தனை ஆண்டு நடந்திருக்கும் என்று யார் சொல்ல முடியும்? அதை அடுத்து வேறொரு பெற்றோர் வந்து, மூன்றாவது இலைக்கும் இடம் கேட்டிருப்பார்.

1925 ஏப்ரலில் திருச்சியில் கமிட்டி கூடியது. நாட்டு இயக்கத்தில் ஈடுபட்ட நிறுவனங்கள் பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டக்கூடாது என்னும் எஸ். இராமநாதனின் தீர்மானம் நிறைவேறிற்று. இராஜாஜி, டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் முதலியோர் கமிட்டியிலிருந்து விலகினர். ஜூன் 3ஆம் நாள் ஐயர் குருகுல மாணவரோடு பாபநாசம் அருவிக்குச் சென்றிருந்தார். அங்கே நீரில் விழுந்த மகள் சுபத்திராவைக் காக்கக் குதித்தவர், மகளோடு தாமும் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 44. அவ்வாண்டு நவம்பரில் திரு. வி. க. தலைமையில் காஞ்சிபுரத்தில் மாகாண மாநாடு கூடிற்று. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் அங்கே எடுத்துக்கொள்ளப்படாததால், ஈ. வெ. ரா. காங்கிரசை விட்டு வெளியேறி ஈரோட்டுக்குத் திரும்பினார். அவருடைய வார இதழுக்கு அப்போது வயது ஏழு மாதம்.